ராட்சதப் பாம்பு, மண்ணுக்கடியில புழு, மொட்டை மாடி: மிருகப் படம் பாக்க புதுசா வர்றவங்களுக்கு

பேய்ப் படம் பாக்குறவங்கள யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, ஆனா ராட்சத எறும்பு, மண்ணுக்கடியில ஓடுற புழு, படகையே கவுக்குற பாம்புன்னு ஒருத்தன் தேடித்தேடி பாத்தா மட்டும் "இதுல இன்னாபா இருக்குது"ன்னு வீட்ல, ஆபீஸ்ல, டீக்கடைல எல்லாரும் கேப்பாங்க. இருக்குது, நெறையவே இருக்குது. தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம் பக்கம் நாங்க ஒரு கூட்டமா இந்தப் படங்கள வருஷக்கணக்கா பாத்துட்டு வர்றோம், புதுசா யாராச்சும் வந்து ஒக்காந்தா அவங்களுக்கு இன்னா சொல்லிக்குடுப்போமோ அதையே இங்க எழுதுறேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஒரு படம், நாலஞ்சு பேரு, ஆரம்பிக்க இது போதும்.

மொதல்ல எது இதுல சேரும்னு பாத்துடலாம். பேய், ஆவி, சூனியம் இதெல்லாம் வேற கணக்கு. இங்க உடம்போட ஒரு ஜந்து இருக்கணும், அதுக்கு பசிக்கணும், எப்படியாச்சும் அத கொல்லவும் முடியணும். பாம்பு, சுறா, முதலை, சிலந்தி, நண்டு, எதுவா இருந்தாலும் சரி, முயலா இருந்தாக்கூட சரி. ஆமா, முயல வச்சே படம் எடுத்திருக்காங்க, அதுக்குத்தான் இப்ப வர்றேன்.

ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விதி

ஜந்து எவ்ளோ சில்லியா வேணா இருக்கட்டும், படத்துக்குள்ள இருக்கற மனுசங்க அத பாத்து நெஜமா பயப்படணும். இந்த ஒண்ணு இருந்தா படம் நிக்கும், இல்லைன்னா எத்தன கோடி போட்டு கிராபிக்ஸ் பண்ணாலும் அரை மணி நேரத்துல போன எடுத்து நோண்ட ஆரம்பிச்சுடுவீங்க.

1972-ல அமெரிக்காவுல நைட் ஆஃப் தி லீபஸ்னு ஒரு படம் வந்துச்சு, ராட்சத முயலுங்க ஒரு ஊரையே கடிச்சு கொதறுற கதை. எப்படி எடுத்தாங்கன்னா நெஜ வீட்டு முயலுங்கள சின்ன சின்னதா செஞ்ச பொம்மை வீடு, பொம்மை ரோட்டு செட்டுக்குள்ள ஓடவிட்டு, அத ஸ்லோ மோஷன்ல போட்டு, கூடவே இடி மாதிரி குளம்புச் சத்தம் சேர்த்துட்டாங்க. பஞ்சு கணக்கா இருக்கற முயலு காது ஆட ஆட ஓடி வருது, அத பாத்து ஜேனட் லீ, சைக்கோ படத்துல அந்த குளியல் காட்சில நடிச்ச அதே அம்மா, கண்ணுல நெஜமான பயத்தோட நிக்கிறாங்க. ஒரு எடத்துலகூட அவங்க "இது முயலுதானே"ங்கற மாதிரி மூஞ்சிய வச்சுக்கல. அந்த நேர்மைதான் இந்தப் படங்களோட உசுரு. அவங்க அவ்ளோ நம்புறதாலதான் நமக்கு சிரிப்பும் வருது, சிரிச்சு முடிச்ச அப்பால "ஒருவேள அது ரூம் சைசுல இருந்தா?"ன்னு ஒரு செகண்ட் வயித்துல ஏதோ பண்ணவும் பண்ணுது. சிரிப்பும் பயமும் ஒண்ணாவே வர்ற அந்த எடம் வேற எந்த வகை படத்துலயும் இந்த அளவு கெடைக்காது.

1957-ல வந்த தி ஜெயண்ட் கிளாவும் அப்படித்தான். வானத்துலேந்து ஒரு ராட்சதப் பறவை வந்து பிளேனெல்லாம் தின்னுது. நடிகருங்களுக்கு ஷூட்டிங் அப்ப அந்தப் பறவை எப்படி இருக்கும்னே தெரியாது, ஏதோ பயங்கரமா பண்ணப் போறாங்கன்னு நம்பி உசுர குடுத்து நடிச்சிருக்காங்க. கடசில ஸ்கிரீன்ல வந்தது நீளக் கழுத்து, முழி பிதுங்குன கண்ணு, மண்டைல நாலு முடியோட நூல்ல தொங்குற ஒரு பொம்மை. ஹீரோ ஜெஃப் மாரோ அத மொத மொத பாத்தது தியேட்டர்ல, ஜனம் சிரிச்சதும் யாருக்கும் தெரியாம நைசா எழுந்து போயிட்டாராம். எனக்கு அவர நெனச்சா மரியாதைதான் வருது, அவரு பயந்த பயம் அந்தப் படத்துல இன்னிக்கும் அப்படியே கீது.

மொதப் படம் எது

புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு, யூடியூப்ல "உலகத்துலயே மோசமான படங்கள்"னு தேடி அதுலேந்து ஒண்ண எடுத்துப் போடுறது. வேணாம். மோசமான படம் பாக்குறதுக்கு ஒரு பழக்கம் வேணும், அது போகப் போக வரும். மொதல்ல நல்லா எடுத்த சில்லிப் படம் ஒண்ணு பாருங்க.

என்னோட சாய்ஸ் எப்பவும் ட்ரெமர்ஸ், 1990-ல வந்தது. நெவாடா பாலைவனத்துல பெர்ஃபெக்ஷன்னு ஒரு குட்டி ஊரு, விரல் விட்டு எண்ற அளவு ஜனம், மண்ணுக்கடியில ராட்சதப் புழுங்க. கெவின் பேகனும் ஃப்ரெட் வார்டும் அந்த ஊர்ல கெடைக்கற வேலைய செய்யற ரெண்டு பேரு, வேலி கட்டுறது, குப்பை அள்றது, இப்படி. இந்தப் படத்த ஏன் மொதல்ல சொல்றேன்னா, மிருகத்தோட சட்டம் அவ்ளோ தெளிவு: அதுக்கு கண்ணு கெடையாது, தரைல வர்ற அதிர்வ வச்சுதான் ஆளு எங்க இருக்கான்னு கண்டுபுடிக்கும். அவ்ளோதான். இந்த ஒத்த சட்டத்த வச்சே படம் முழுக்க ஓட்டுறாங்க. பாறை மேல ஏறுனா தப்பிக்கலாம், சரி, அப்பால எறங்குறது எப்படி? பாறைலேந்து பாறைக்கு கம்ப ஊனி தாவுறாங்க. கூரை மேல ஏறுனா? புழு வீட்டையே ஆட்டும். ஒவ்வொரு தடவ ஆளு ஒண்ணு யோசிச்சா புழு அதுக்கு மேல ஒண்ணு யோசிக்குது. இன்னொண்ணு, முக்காவாசி படம் பட்டப் பகல்ல நடக்குது, வெயில்ல. இருட்டுல ஒளிச்சு வச்சு பயம் காட்டுற வேலையே கம்மி. தியேட்டர்ல வந்தப்ப ரொம்ப பெருசா போகல, வீடியோ கேசட்லதான் ஜனங்க புடிச்சுக்கிட்டாங்க, அதுக்கு அப்பால எத்தனையோ பாகம் வந்துடுச்சு.

ரெண்டாவது அனகோண்டா, 1997. இது நம்ம ஊருக்கு நல்லாத் தெரிஞ்ச படம், பேரு சொன்னாலே வீட்ல அம்மாகூட "அந்தப் பாம்புப் படமா"ன்னு கேப்பாங்க. அமேசான்ல ஒரு டாக்குமென்டரி எடுக்கப் போற கூட்டம், ஜெனிபர் லோபஸ், ஐஸ் கியூப், நடுவுல படகுல ஏறுற பாம்பு புடிக்கற ஜான் வாய்ட். வாய்ட் அந்த ரோல்ல ஒதட்ட பிதுக்கிக்கிட்டு, கண்ண இடுக்கிக்கிட்டு ஒரு நடிப்பு பண்ணுவாரு பாருங்க, வேற யாராச்சும் பண்ணியிருந்தா ஓவராப் போயிருக்கும். பாம்போட வாய்க்குள்ளேந்து வெளிய பாக்குற மாதிரி ஒரு ஷாட் வரும், அத மிஸ் பண்ணிடாதீங்க. அப்பறம் படகு பின்னாடி போற ஒரு காட்சில பின்னால இருக்கற அருவிய மட்டும் உத்துப் பாருங்க, தண்ணி கீழேந்து மேல போகும். ஃபிலிம ரிவர்ஸ்ல ஓட்டியிருக்காங்க. புதுசா வர்றவங்களுக்கு நாங்க அத சொல்லாம வெயிட் பண்ணுவோம், தானா கண்டுபுடிக்கறவங்க மூஞ்சில வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே அந்தப் படத்த திரும்பத் திரும்ப போடலாம். இப்ப நானே சொல்லிட்டேன், பரவால்ல, நீங்க அடுத்தவங்களுக்கு சொல்லாதீங்க.

ஜாஸ் எங்கன்னு கேப்பீங்க. 1975-ல ஸ்பீல்பெர்க் எடுத்த அது சில்லிப் படமே கெடையாது, ரொம்ப நல்ல படம். ஆனா இந்த வகைக்கு அதான் பெரியப்பா, அதனால எப்பவாச்சும் பாத்துத்தான் ஆகணும். மெஷின் சுறாவ உப்புத் தண்ணில எறக்குனதும் அது ரிப்பேர் மேல ரிப்பேர் ஆயிடுச்சு, சுறாவ காட்ட முடியாததால தண்ணி, மிதவை, மியூசிக் இத வச்சே பயம் காட்டுனாரு, சுறா முழுசா மூஞ்ச காட்டுறது ஒரு மணி நேரம் தாண்டித்தான். அது போட்ட வசூல பாத்துட்டு அடுத்த அஞ்சாறு வருஷத்துக்குள்ள கரடி, பிரானா மீனு, முதலைன்னு வரிசையா எறக்கிட்டாங்க, நாம பாக்கற சில்லிப் படங்கள்ல பாதி அந்த வரிசைலேந்து வந்ததுதான். 1978-ல வந்த பிரானாவும் 1980-ல வந்த அலிகேட்டரும் ரெண்டுமே ஜான் சேல்ஸ்ங்கற ஒரே ஆளு எழுதுனது, ரெண்டுமே நல்லா இருக்கும்.

யாரோட, எங்க

தனியா பாக்காதீங்க. இந்தப் படங்களுக்கு கூட்டம் வேணும். அஞ்சுலேந்து எட்டு பேரு சரியான அளவு, அதுக்கு மேல போனா ஆளாளுக்கு பேசி வசனமே கேக்காது. வடசென்னைல ஒரு காலத்துல டப்பிங் படம் பாக்க தியேட்டரே போதும், தண்டையார்பேட்டை அகஸ்தியா மாதிரி பெரிய பெரிய ஒத்த ஸ்கிரீன் தியேட்டருங்க இருந்துச்சு, அகஸ்தியாவ 2020-ல மூடிட்டாங்க. மல்டிபிளக்ஸ்ல சத்தமா பேசுனா பக்கத்து சீட்டுக்காரரு மொறைப்பாரு, அது அவரு தப்பும் இல்ல. அதனால மொட்டை மாடிதான் பெஸ்ட்.

புரொஜெக்டர் வாங்கணும்னு அவசியமே இல்ல, கல்யாணம், காதுகுத்துக்கு லைட் சவுண்டு போடுற கடைங்கள்ல நாள் வாடகைக்கு குடுப்பாங்க, எச்டிஎம்ஐ கேபிளும் சேத்து கேட்டு வாங்கிக்கங்க, பாதி கடைல கேபிள் தனியா கேட்டாத்தான் தருவாங்க. படத்த முன்னாடியே லேப்டாப்புல எறக்கி வச்சுடுங்க, மாடில போன் ஹாட்ஸ்பாட்ட நம்பி ஸ்ட்ரீமிங் போட்டா பாம்பு வாயத் தொறக்கற நேரத்துலதான் சுத்த ஆரம்பிக்கும்.

திரைக்கு வெள்ளை பெட்ஷீட் போதும், டபுள் காட் சைசு. ஆனா நம்ம பக்கம் கடல் காத்து இருக்கே, அத சாதாரணமா நெனைக்காதீங்க. மேல மட்டும் துணிக்கொடில கிளிப்பு போட்டு தொங்கவிட்டா காத்து அடிக்கறப்ப துணி உப்பி சுறா மூக்கு மட்டும் ரெண்டு அடி முன்னாடி வரும், ஹீரோயின் மூஞ்சி கோணிக்கும். நாங்க இன்னா பண்றோம்னா பெட்ஷீட்டோட கீழ் ஓரத்த மடிச்சு தையல் போட்டு உள்ள ஒரு முக்கா இஞ்சு பைப்ப விட்டுட்டோம், ரெண்டு முனைலயும் செங்கல்லுல கயிறு கட்டி இழுத்து வச்சா துணி விறைப்பா நிக்கும். பைப்பு வெறும் பிவிசியா இருந்தா வெயிட்டு பத்தாது, உள்ள மணல ரொப்பி ரெண்டு பக்கமும் மூடி போட்டுடுங்க. ஒரு தடவ செஞ்சு வச்சா வருஷக்கணக்கா வரும்.

ராத்திரி 10 மணிக்கு மேல வெளிய ஸ்பீக்கர் வைக்கக்கூடாது, அது சட்டம், பக்கத்து வீட்ல பத்தாங்கிளாஸ் படிக்கற புள்ள இருக்கும், வயசானவங்க இருப்பாங்க. இருட்டுனதும் ஏழு மணிக்கே ஆரம்பிச்சுட்டா ஒன்பதுக்குள்ள முடிஞ்சுடும், இந்தப் படங்கள்ல பெரும்பாலும் ஒன்றரை மணி நேரந்தான், அதுவும் ஒரு பெரிய வசதி. முடிஞ்சா பக்கத்து வீட்டுக்காரங்களையே கூப்பிட்டுடுங்க, அப்ப கம்ப்ளெயின்ட்டே வராது.

சின்னப் பசங்க இருந்தா சர்டிபிகேட்ட பாருங்க. 2024 கடசிலேந்து யூ/ஏ-வுலயே 7+, 13+, 16+ன்னு பிரிச்சிருக்காங்க, அது ரொம்ப உதவி. மிருகப் படம்னாலே கொழந்தைங்களுக்கு ஆகும்னு நெனச்சு போட்டுடாதீங்க, 2010-ல வந்த பிரானா த்ரீடி மாதிரி படங்கள்ல ரத்தத்த விட மத்த விஷயங்க நெறைய இருக்குது, குடும்பத்தோட ஒக்காந்து நெளியணும்.

சாப்பாடு சொல்லாம விட முடியாது. படத்துக்கு முன்னாடி யாரையாச்சும் பர்மா பஜார் பக்கம், செகண்ட் லைன் பீச்சுக்கு அனுப்பி அத்தோ வாங்கிட்டு வரச் சொல்லுங்க, நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி எல்லாம் போட்டு கையால பெசைஞ்சு குடுப்பாங்களே, அதுதான், கூட வாழைத்தண்டு சூப்பு. ஆனா அத படம் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே சாப்ட்டு முடிச்சுடுங்க. ராட்சதப் புழு வர்ற நேரத்துல கைல நூடுல்ஸ் இருக்கக் கூடாது. படத்து நடுவுல பொரி கடலை போதும்.

தமிழ் டப்பிங்கா, ஒரிஜினலா

மொதத் தடவ தமிழ் டப்பிங் கெடச்சா அதையே பாருங்க. மாடில ஒக்காந்து சப்டைட்டில் படிக்கறது கஷ்டம், காத்துல துணி வேற ஆடும். அதோட, தொண்ணூறுகள்ல, ரெண்டாயிரத்துல வந்த டப்பிங்ல கொரல் குடுத்தவங்க முழுத் தொண்டைல, ஒரு சந்தேகமும் இல்லாம பேசுவாங்க, நான் மேல சொன்ன அந்த ஒரு விதிக்கு அது ரொம்பப் பொருந்தும். ரெண்டாந்தடவ ஒரிஜினல் பாருங்க, ஜான் வாய்ட் பேசுற பேச்சு அதுல வேற லெவல்.

பாக்கறப்ப இன்னா பண்ணணும்

பேசுங்க. சத்தமா பேசுங்க, "டேய் அங்க போகாத"ன்னு கத்துங்க. ஆனா மூணு எடத்துல மட்டும் எல்லாரும் வாய மூடிக்கணும்: மொத பத்து நிமிஷம், மிருகம் மொத தடவ முழுசா தெரியற எடம், கடசில அத எப்படிக் கொல்றாங்கங்கற எடம். நடுவுல எவ்ளோ வேணா பேசலாம்.

ஆரம்பத்துலயே எல்லா கேரக்டரும் வந்ததும் பாஸ் பண்ணிட்டு, யாரு மொதல்ல சாவாங்க, யாரு கடசி வரைக்கும் இருப்பாங்கன்னு ஆளுக்கு ஒரு பேர சொல்லச் சொல்லுங்க. துட்டு வச்சு வேணாம், தோத்தவங்க டீ வாங்கித் தரணும், அவ்ளோதான். இத பண்ணா எல்லாரும் படத்த ரொம்ப உன்னிப்பா பாப்பாங்க. நெறைய படத்துல ஒரு மேயரோ, ஓட்டல் ஓனரோ, பேக்டரிக்காரனோ "அப்படி ஒண்ணும் இல்ல, பீதிய கெளப்பாதீங்க"ன்னு சொல்லிட்டே இருப்பான், அவன புடிச்சுக்கங்க, அவன வச்சுத்தான் கதை ஓடும். ஆனா ரொம்ப நம்பிக்கையாவும் இருக்காதீங்க, 1999-ல வந்த டீப் ப்ளூ சீ பாக்கறப்ப எல்லாரும் ஒரு பெரிய நடிகரு கடசி வரைக்கும் இருப்பாருன்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

அடுத்து, மிருகத்த எப்படி செஞ்சாங்கன்னு பாக்கக் கத்துக்கங்க, எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச பாகமே இதுதான். ஆளு உள்ள பூந்து போட்டுக்கற டிரஸ்ஸா, பொம்மைய ஒவ்வொரு ஃபிரேமா நகத்தி எடுத்ததா, மெஷினா, கிராபிக்ஸா? டிரஸ்ஸுன்னா நடைல ஒரு கனம் தெரியும், முட்டி மடங்குற எடத்துல சுருக்கம் விழும். ஒவ்வொரு ஃபிரேமா நகத்துனதுல அசைவு கொஞ்சம் விட்டு விட்டு வரும், ரோமம், தோலு தானா துடிக்கற மாதிரி இருக்கும். 1955-ல ரே ஹாரிஹவுசன் ஒரு ராட்சத ஆக்டோபஸ சான்பிரான்சிஸ்கோ பாலத்து மேல ஏத்துனாரு, படத்துக்கு பட்ஜெட்டு கம்மி, எட்டு கைய நகத்துறதுக்கு நேரமும் துட்டும் ஜாஸ்தி ஆகும்னு ஆறு கையோட செஞ்சுட்டாரு. எப்பவும் ரெண்டு கை தண்ணிக்குள்ள இருக்கற மாதிரியே காட்டுவாரு. நம்மாளுங்க அத எண்ண ஆரம்பிச்சா படம் முடியற வரைக்கும் எண்ணிட்டே இருப்பாங்க. 1957-ல பெர்ட் கார்டன்னு ஒருத்தரு சிகாகோ மேல வெட்டுக்கிளிங்க படையெடுக்கற படம் எடுத்தாரு, கட்டடத்து மேல வெட்டுக்கிளி ஏறணும், அதுக்கு கட்டடத்தோட போட்டோ மேல நெஜ வெட்டுக்கிளிங்கள நடக்க விட்டுட்டாரு. ஒரு வெட்டுக்கிளி கட்டடத்த தாண்டி வானத்து மேலயும் காலு வச்சு நடந்து போகுதுன்னு இந்த வட்டத்துல ரொம்பப் பேமஸான கதை.

இத செஞ்சவங்க கையில ஒண்ணும் இல்லாம, தூங்காம, பசை ஒட்டி, ரப்பர் காச்சி செஞ்சவங்க. கோட்சில்லா டிரஸ்ஸுக்குள்ள இருந்த ஹருவோ நகஜிமா கிட்டத்தட்ட நூறு கிலோ எடைய தூக்கிக்கிட்டு ஷூட்டிங் லைட்டோட சூட்டுல நடந்திருக்காரு. அத தெரிஞ்சுக்கிட்டு பாத்தா சிரிப்பு கொறையாது, கூடவே அந்த ஆளு மேல ஒரு பாசம் வந்துடும்.

நம்ம பக்கத்து ஆளுங்களோட பாத்தா கெடைக்கறது

காசிமேட்டுலேந்து போட்டுக்குப் போற ஒரு அண்ணன் எங்க கூட ஒக்காந்து பாப்பாரு. சுறாப் படம் போட்டா அவரு மொதல்ல சொல்றதே "சுறா எங்கபா கத்தும்?"ங்கறதுதான். நெஜந்தான், சுறாவுக்கு கொரல்வளையே கெடையாது, ஆனா 1987-ல வந்த ஜாஸ் நாலாவது பாகத்துல சுறா சிங்கம் கணக்கா உறுமும். அனகோண்டாவும் கீச்சுன்னு கத்தும், நெஜப் பாம்பு சீறத்தான் செய்யும். வலைய எப்படி வீசுறாங்க, படகு எந்தப் பக்கம் சாஞ்சா கவுரும், சுறா வாலு எந்த வாட்டத்துல ஆடும்னு அவரு சொல்லச் சொல்ல நாங்க அடிக்கடி படத்த நிறுத்திட்டு கேப்போம். கடல்ல திமிங்கலச் சுறாவ பாத்தவரு அவரு, உலகத்துலயே பெரிய மீனு, ஆனா திங்கறது சின்னச் சின்ன ஜந்துங்க, 2001-லேந்து இந்தியாவுல அத புடிக்கவே கூடாது, வலைல மாட்டுனா வலைய அறுத்து விடணும்பாரு. இப்படி ஒருத்தர் உங்க கூட்டத்துல இருந்தா படத்தோட ருசியே மாறிடும். மெக்கானிக், எலக்ட்ரீஷியன், நர்ஸு, யாரா இருந்தாலும் அவங்க தொழில் படத்துல ஒரு எடத்துல வரும், அப்ப அவங்கள பேச விடுங்க.

பூச்சிப் படம்னா கூட்டத்துல ஒருத்தராச்சும் "எறும்பு இவ்ளோ பெருசானா நெஜமா இன்னா ஆகும்?"னு கேப்பாங்க, அதுக்கு பதில் தெரிஞ்சு வச்சுக்கங்க. நீளம் பத்து மடங்கு ஆனா காலோட குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் ஆகும், ஆனா எடை ஆயிரம் மடங்கு ஆயிடும். அந்தக் காலு அந்த எடைய தாங்காது, மூச்சும் விட முடியாது, ஏன்னா பூச்சிக்கு நம்மள மாதிரி நுரையீரல் இல்ல, உடம்புல இருக்கற சின்னச் சின்னக் குழா வழியாத்தான் காத்து போகும். ஆக ராட்சத எறும்பு நின்ன எடத்துலயே விழுந்துடும். ஸ்கூல் பசங்க கூட்டத்துல இருந்தா இத பேப்பர்ல போட்டுக் காட்டுங்க, ஷோக்கா புரிஞ்சுக்கறாங்க.

இன்னொரு விஷயம் நம்ம ஏரியாவுக்குன்னே இருக்குது. இந்தப் படங்கள்ல முக்காவாசி மிருகம் எங்கேந்து வருதுன்னு பாருங்க: கழிவு, கெமிக்கலு, குண்டு, கால்வாயில தூக்கிப் போட்டது. அலிகேட்டர் படத்துல டாய்லெட்டுல போட்டு தண்ணி ஊத்துன குட்டி முதலை சாக்கடைல வளந்து வருது. 2006-ல கொரியாவுல பாங் ஜூன்-ஹோ எடுத்த தி ஹோஸ்ட்டு 2000-ல நெஜமா நடந்த ஒரு விஷயத்துலேந்து ஆரம்பிக்குது, சியோல்ல அமெரிக்க ராணுவ முகாம்ல பொணத்த பதப்படுத்தற மருந்த சாக்கடை வழியா ஆத்துல ஊத்துனாங்க. நமக்கு இத வெளக்கவே தேவையில்ல. பக்கிங்காம் கால்வாய் ஓரத்துல வளந்தவங்க, எண்ணூர்ல சாம்பல் தண்ணி ஆத்துல கலக்கறத பாத்தவங்க, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெ கலந்து வந்து முகத்துவாரத்துல படகு, வலை, செவுரு எல்லாம் கருப்பாப் போனப்ப கைல வாளியோட எறங்குனவங்க, "தண்ணிலேந்து ஏதோ ஒண்ணு வருது"ன்னு ஸ்கிரீன்ல காட்டுனா டக்குன்னு புடிச்சுக்குவாங்க. எங்க மாடில தி ஹோஸ்ட் போட்ட அன்னிக்கு ஆத்துல மருந்து ஊத்தற அந்த மொத காட்சிலயே எல்லாரும் கப்சிப். அப்பறம் மிருகம் பட்டப் பகல்ல ஆத்தங்கரைல ஓடி வந்தப்ப போட்ட சத்தம் கீழ் வீடு வரைக்கும் கேட்டுச்சு. கழிவ ஊத்துனவன மிருகம் கடிக்காதா, கடிக்காதான்னு எல்லாரும் ஏங்குவாங்க பாருங்க, அந்த ஏக்கத்த இந்தப் படங்கள் மாதிரி நேரா தொடுறது கம்மி.

கொஞ்ச நாள் கழிச்சு பாக்க வேண்டியது

2013-ல வந்த ஷார்க்னேடோ பேரு எல்லாருக்கும் தெரியும், சூறாவளில சுறாங்க பறந்து வந்து ஊர்ல விழுது, 2018 வரைக்கும் ஆறு படம் எடுத்துட்டாங்க. நெறைய பேரு இதுலேந்துதான் ஆரம்பிக்கறாங்க, நான் வேணாம்னு சொல்லுவேன். அந்த வகைப் படங்களுக்கு தான் சில்லின்னு தெரியும், தெரிஞ்சுக்கிட்டே பண்ணும், நாம சிரிக்கறதுக்கு முன்னாடி அதுவே சிரிச்சுடும். பறக்கற சுறா வயித்துக்குள்ள ரம்பத்தோட பூந்து வெளிய வர்ற காட்சி எனக்கும் புடிக்கும், ஆனா அஞ்சாறு நல்ல படம் பாத்த அப்பால பாத்தாத்தான் அது எத வச்சு வெளையாடுதுன்னு புரியும்.

நம்ம ஊரு படங்களையும் விட்டுடாதீங்க. பாம்பு பழி வாங்கற நீயா 1979-ல வந்துச்சு. ராம நாராயணன் நூத்துக்கு மேல படம் எடுத்தவரு, யானை, பாம்பு, கொரங்கு எல்லாத்தையும் ஹீரோவாக்கி நடிக்க வச்சாரு. 2012-ல வந்த நான் ஈ-யில ஒரு ஈ, வில்லனுக்கு தூக்கமே இல்லாம பண்ணிடுது, சுதீப் அந்த ஈய பாத்து பயப்படற பயத்த பாருங்க, இல்லாத ஈக்கு அந்த மனுசன் எவ்ளோ நெஜமா நடிச்சிருக்காரு. நான் சொன்ன விதி தமிழ்ல பாக்கணும்னா அதான் ஒசத்தி. நம்ம படங்கள்ல மிருகம் பெரும்பாலும் நம்ம பக்கம் நிக்கும், வெளிநாட்டுப் படத்துல எதிர்ல நிக்கும், ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்தா போரே அடிக்காது.

மொத மாசத்துக்கு வரிசை கேக்கறவங்களுக்கு: ட்ரெமர்ஸ், அடுத்த வாரம் அனகோண்டா, அதுக்கடுத்து அலிகேட்டர் இல்லைன்னா தி ஹோஸ்ட், நாலாவது வாரம் 1954 கோட்சில்லா. அந்தக் கடசிப் படத்துக்கு மட்டும் பொரி, பெட்டு, பேச்சு எதுவும் வேணாம். ஹிரோஷிமா, நாகசாகி மேல குண்டு விழுந்து ஒன்பது வருஷத்துல, பசிபிக்ல ஹைட்ரஜன் குண்டு சோதனைல ஒரு ஜப்பான் மீன்பிடி படகு மேல சாம்பல் கொட்டுன அதே வருஷத்துல எடுத்தது, படத்துல மொதல்ல அழியறதும் கடலுக்குப் போன கப்பலுங்கதான், கரைல நின்னு சேதி வந்துச்சா, வந்துச்சான்னு கேக்கற ஜனங்கள பாத்தா காசிமேட்டுக்காரங்களுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்ல. தேடறப்ப மட்டும் கவனமா இருங்க, 1956-ல அமெரிக்காவுல ரேமண்ட் பர்ங்கற நடிகர நடுவுல சொருகி, வெட்டி ஒட்டி வேற ஒண்ணு வெளியிட்டாங்க, அது 80 நிமிஷந்தான் ஓடும். நீங்க எறக்க வேண்டியது ஜப்பான் மொழி ஒரிஜினல், 96 நிமிஷம்.